‘இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?’ – ஓட்டலில் மீன் சொல்லும் முன் தெரிந்துகொள்ள

சென்னையில் மீன் சாப்பாட்டுக்குப் பேர்போன சின்ன மெஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றுவதற்குள் ஒருவர் பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். அதில் வறுத்த மீன்கள் வரிசையாகப் படுத்திருக்கும். ‘இது சங்கரா, இது பாறை, இது நெத்திலி, வஞ்சிரம் இன்னிக்கு இல்ல’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நம் விரல் எங்கே போகிறது என்று பார்ப்பார். மெனு கார்டெல்லாம் கிடையாது. காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் மதியம் தட்டில்.

ஏசி போட்ட பெரிய ஓட்டலில் இதற்கு நேர்மாறு. லேமினேட் செய்த கார்டில் வஞ்சிரம் தவா ஃப்ரை வருஷம் 365 நாளும் இருக்கும். கடலில் புயல் அடித்தாலும் சரி, படகெல்லாம் கரையேறி நின்றாலும் சரி, கார்டு மாறாது. கடலுக்குப் பருவம் உண்டு, கார்டுக்குக் கிடையாது. ஓட்டலில் மீன் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலில் பாதி இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

‘நீடித்த மீன்பிடி’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது என்ன? விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு ‘விதை நெல்’ என்று சொன்னால் போதும். அறுத்த நெல்லை எவ்வளவு வேண்டுமானாலும் குத்திச் சாப்பிடலாம், விற்கலாம். விதைக்கென்று வைக்கோலால் கோட்டை கட்டி வைத்ததில் மட்டும் கை வைக்கக் கூடாது. கடலில் விதை நெல் என்பது முட்டையிடும் வயதை எட்டிய மீன்களும், அந்த வயதை எட்டவிருக்கும் குஞ்சுகளும். அவை போதுமான அளவு கடலிலேயே தங்கும்படி பிடித்தால் அது நீடித்த மீன்பிடி. கூடவே இன்னொன்று: நாம் தேடிப் போன மீனைப் பிடிக்கிற சாக்கில் ஆமையையும் பவளப்பாறையையும் அழித்துவிட்டு வரக் கூடாது.

நெல்லை அளந்து பார்க்கலாம். கடலுக்குள் எத்தனை மீன் இருக்கிறது என்று யார் எண்ணுவது? அதற்காகவே துறைமுகம் துறைமுகமாகப் போய், வந்திறங்கும் மீனின் எடை, நீளம், வயது, வயிற்றில் சினை உண்டா இல்லையா என்று குறித்து வைக்கிறார்கள். நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். 1947-இல் தொடங்கப்பட்ட அதன் தலைமையகம் இப்போது கொச்சியில் இருந்தாலும், முன்பு பல ஆண்டுகள் இருந்தது ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள நம்ம மண்டபத்தில்தான். 2022-ஆம் ஆண்டு நிலவரத்தைப் பற்றிய அதன் அறிக்கை, ஆராய்ந்த 135 மீன் இருப்புகளில் 91.1 சதவீதம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொன்னது. ‘இருப்பு’ என்றால் ஒரு கடற்பகுதியில் வாழும் ஒரு வகை மீனின் மொத்தக் கூட்டம். உலக அளவில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 37.7 சதவீத இருப்புகள் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகின்றன.

அப்படியானால் நமக்குக் கவலையில்லையா? இந்த எண்ணிக்கையை நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நம் கடலில் சாப்பிடலாம் என்று சொல்ல எத்தனையோ மீன் இருக்கிறது, நாம்தான் நாலைந்து பெயரையே சுற்றிச் சுற்றி வருகிறோம் என்றே புரிந்துகொண்டேன். வஞ்சிரம், வவ்வால், இறால், நண்டு. விசேஷ வீட்டுக்கும் ஓட்டலுக்கும் இவைதான். வலையில் கூடவே வரும் மற்ற மீனுக்கு விலையில்லை. சின்னஞ்சிறு மீன்களும் குஞ்சுகளும் சங்காயம் என்ற பெயரில் காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனத்துக்குப் போகின்றன.

எந்த மீன் எவ்வளவு பிடியைத் தாங்கும்?

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சீக்கிரம் வளர்ந்து, நிறைய முட்டையிட்டு, சீக்கிரம் செத்துப்போகிற மீன் தாங்கும். மெதுவாக வளர்ந்து, கொஞ்சமாகக் குட்டி போடுகிற மீன் தாங்காது.

நெத்திலி முதல் வகை. ஓரிரு வருஷ வாழ்க்கை, அதற்குள் ஏகப்பட்ட முட்டை. கணவாயும் அப்படியே, ஏறக்குறைய ஒரு வருஷத்தில் பிறந்து வளர்ந்து முட்டையிட்டு முடிந்துவிடும். மத்தி, அயிலை, காரப்பொடி எல்லாம் இந்தப் பக்கம்.

சுறா அந்தப் பக்கம். பல சுறாக்கள் வயதுக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். முட்டை லட்சக்கணக்கில் இடுவதில்லை, ஒரு ஈற்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் குட்டி. இங்கேதான் எனக்குச் சங்கடம். பிள்ளை பெற்ற வீட்டில் பால் சுறாப் புட்டு கொடுக்காத கடற்கரை ஊர் உண்டா? பால் சுறா என்று அழைக்கப்படும் சின்ன வகைகள் ஓரளவு வேகமாகப் பெருகுபவை, உண்மைதான். ஆனால் ஓட்டல் தட்டில் அது புட்டாக உதிர்ந்து வரும்போது, சின்னச் சுறாவா அல்லது பெரிய சுறாவின் குட்டியா என்று சமைத்தவருக்கே தெரியாமல் போகலாம். அதனால் வெளியில் சாப்பிடும்போது சுறாப் புட்டைத் தவிர்த்துவிடுகிறேன். திமிங்கலச் சுறா, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன், கடல் அட்டை போன்றவற்றை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே காக்கிறது. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

நடுவில் நிற்பது வஞ்சிரம். வேகமாகத்தான் வளரும். ஆனால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம் வந்த பிறகே முட்டையிடத் தொடங்கும். ஓட்டலில் நமக்கு முழு மீன் தெரியாது, துண்டுதான் தெரியும். அதிலிருந்தே ஊகிக்கலாம். உள்ளங்கையை நிறைக்கும் துண்டு என்றால் வளர்ந்த மீன். மூன்று விரல் அகலத்தில் நாலு துண்டு அடுக்கிவைத்தால் அது பெரும்பாலும் வஞ்சிரக் குட்டி, விதை நெல். (வஞ்சிரம் என்ற பெயரில் வேறு மீன் வருவதும் ஓட்டல் உலகில் புதிதல்ல. அது தனிக் கதை.)

கலவாவையும் கொடுவாவையும் பார்த்தால் இயற்கையின் விளையாட்டு புரியும். கலவா பெண்ணாக வளர்ந்து, பெரிதானதும் ஆணாக மாறும். கொடுவா இதற்குத் தலைகீழ், முதலில் ஆண், அப்புறம் பெண். ஆகவே பெரிய கலவாக்களையே குறிவைத்துப் பிடித்தால் கடலில் ஆணுக்குப் பஞ்சம். பெரிய கொடுவாக்களை அள்ளிவிட்டால் முட்டையிட ஆளில்லை. கொடுவாவுக்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையம் 1997-இல் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்தது. இன்று குளத்தில் வளர்ந்த கொடுவா சந்தைக்கு வருகிறது. கலவாவைப் பொறுத்தவரை ஓட்டலில் நான் அதைக் கேட்பதில்லை.

சின்ன மீன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாமா? அதுவும் இல்லை. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சுருங்கிப்போனது. கடலின் போக்கு மாறியது ஒரு காரணம், குஞ்சு மத்தியை வாரி அள்ளியது இன்னொன்று. அந்த மாநிலம் மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லாத மத்தியைக் கரகரப்பாக வறுத்துக் குவியலாக வைத்தால், அது ருசியாக இருக்கும், ஆனால் ஒரு வாரிசும் விடாமல் வந்த மீன்.

காலம் பார்த்துக் கேட்பது

போன வருஷம் ஜூன் இரண்டாம் வாரம், நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்காகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலுக்குப் போனோம். ‘இன்று பிடித்த வஞ்சிரம்’ என்று வாசலில் பலகை. எனக்குச் சிரிப்பு வந்தது.

காரணம் இதுதான். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது. இந்த நாட்களில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகும் கட்டுமரமும் போகலாம், அவை கரையோர மீனைக் கொண்டுவரும். சரி, கேரளத்திலிருந்து வராதா என்றால், ஏப்ரல், மே மாதங்களில் வரும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளம் மட்டும் தன் எல்லைக்குள் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். ஆக ஜூன் இரண்டாம் வாரத்தில் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். அந்த வாரத்தில் ஓட்டல் முழுக்கப் பரிமாறும் அளவுக்கு ‘இன்று பிடித்த வஞ்சிரம்’ எங்கிருந்து வரும்? பரிமாறியவரைத் தனியாகக் கேட்டேன். ‘ஃப்ரீசர் மீன்தான் சார், பலகை எப்பவுமே இருக்கும்’ என்றார் தயங்காமல். அவர் மேல் தப்பில்லை, உண்மையைச் சொன்னார்.

ஃப்ரீசர் மீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தடைக்கு முன் பிடித்துப் பதப்படுத்தியது என்றால் விதியை மீறியதும் அல்ல. ஆனால் தடைக்காலத்திலும் வஞ்சிரமே வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளர் இருக்கும்வரை, அதை எப்படியாவது கொண்டுவரும் ஆளும் இருப்பார். அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதைக் கேட்டால் நமக்கும் புது மீன், அவர்களுக்கும் நல்ல விலை. நாகப்பட்டினப் பக்கம் போனால் இதே காலத்தில் கோலா மீன் பருவம் இருக்கும். நாலு பேருக்கு நாலு கோலா வறுவல் சொல்லிப் பாருங்கள், வஞ்சிரம் ஞாபகத்துக்கே வராது.

எல்லா மீனும் இந்த 61 நாளில்தான் முட்டையிடும் என்பதும் இல்லை. வகைக்கு வகை மாறும். எந்த மாதம் எதைச் சாப்பிடலாம் என்று வழிகாட்ட நம் நாட்டிலேயே முயற்சிகள் உண்டு. மேற்குக் கரைக்கு ‘நோ யுவர் ஃபிஷ்’ என்ற குழு மாதவாரியாக மீன் பட்டியல் கொடுக்கிறது. திவ்யா கர்நாட் தொடங்கிய ‘இன்சீசன் ஃபிஷ்’ சமையல்காரர்களையும் மீனவர்களையும் சேர்த்து இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய ‘சீஃபுட் வாட்ச்’ பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டியல் போடுகிறது. ஆனால் அது அந்த ஊர்ச் சந்தைக்கானது. அதைப் பார்த்து நம் ஊர் மெஸ்ஸில் மீன் தேடினால் பசியோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

எதை வைத்துப் பிடித்தார்கள்?

ஒரே மீன், இரண்டு வலை என்றால் கதையே வேறு. தூண்டிலில் ஒரு முள்ளுக்கு ஒரு மீன். வேண்டாத மீன் மாட்டினால் பெரும்பாலும் உயிரோடு விட்டுவிடலாம். செவுள் வலையில் பெரும்பாலும் கண்ணி அளவுக்கு ஏற்ற மீன்தான் மாட்டும், சின்னது நழுவிவிடும். இழுவை மடி என்ற வலை கடலின் அடித்தரையை வழித்துக்கொண்டு போகிறது. இறாலைத் தேடிப் போன மடியில் குஞ்சு, கடல் குதிரை, சிப்பி, சில சமயம் ஆமை என்று எல்லாமும் வரும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியது பலருக்கு நினைவிருக்கும். மூச்சுவிட மேலே வர முடியாமல் வலைக்குள் சிக்கினால் ஆமை செத்துவிடும்.

இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கும், கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடிக்கும் தமிழ்நாட்டில் தடை வந்தது. சுருக்குமடி விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் என்ற நிபந்தனையோடு இடைக்கால அனுமதி கிடைத்தது. இதில் மீனவருக்கும் மீனவருக்குமே சண்டை. கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாம் ஒரு தரப்பை வில்லனாக்கிவிட்டு எழுந்துவிடுவது சுலபம், நியாயமில்லை.

இந்த விஷயத்தில் நான் மனசாரப் பரிந்துரைக்கும் மீன் சூரை. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் இதைக் கம்புத் தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுவார்கள். நம் ஊர்க் கடைகளில் மாசிக் கருவாடாக வருவது இந்த மீன்தான். நம் ஓட்டல்களில் சூரைக்கு மரியாதை இல்லை, கறுப்புச் சதை, ரத்த வாடை என்பார்கள். புளி கொஞ்சம் தூக்கலாக விட்டு வைத்த குழம்பில் சூரையைச் சாப்பிட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

இறால், நண்டு, சிங்கி

இறாலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘கடல் இறாலா, வனாமியா?’ பரிமாறுபவருக்குப் பெரும்பாலும் பதில் தெரியும். வனாமி நம் கடலின் இறாலே அல்ல, பசிபிக் பெருங்கடலின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. 2009-இல் இங்கே பண்ணைக்கு வந்து, இன்று ஓட்டல் பிரியாணியில் கிடக்கும் இறாலில் பெரும்பங்கு அதுவாகிவிட்டது. கடல் இறாலில் இழுவை மடிப் பிரச்சினை. ஆமை தப்பிக்கும் கருவி வலையில் இல்லை என்று 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடல் இறாலை வாங்குவதில்லை. பண்ணை இறாலில் பிரச்சினை வேறு. தஞ்சை, நாகை வயல்களில் உப்பு ஏறியது, குடிநீர் கெட்டது என்று மக்கள் போராடி, 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்தது, பண்ணைகள் அங்கே பதிவு செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் பதிவு செய்த பண்ணையின் வனாமியை எடுப்பேன், அரை மனதோடு. எப்போதாவது ஒரு முறை, அவ்வளவுதான்.

நண்டில் நம் கண்ணே போதும். நண்டைத் திருப்பிப் போட்டால் வயிற்றுப் பக்கம் ஒரு மடிப்பு இருக்கும். ஆணுக்கு அது குறுகலான முக்கோணம், பெண்ணுக்கு அகலமான வட்டம். பெண் நண்டின் மடிப்புக்குள் ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறத்தில் முட்டை பஞ்சு மாதிரி அப்பியிருந்தால் அது சினை நண்டு. இதை ஸ்பெஷல் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பார்கள். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சிங்கி இறாலைத் தொட்டியில் உயிரோடு காட்டுகிற ஓட்டல்களில் வால் அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்க்கலாம். எடையும் முக்கியம். ஏற்றுமதிக்கு அரசு 2003-இல் வகைவாரியாகக் குறைந்தபட்ச எடை வைத்தது. ஒரு வகைக்கு 200 கிராம், இன்னொன்றுக்கு 500 கிராம் என்று போகும். ஆனால் அந்த விதி ஏற்றுமதிக்குத்தான். கப்பலில் ஏற்ற முடியாத பொடிச் சிங்கி உள்ளூர் ஓட்டலுக்கு வருகிறது.

சிப்பி, மட்டி வகையறா கிடைத்தால் விடாதீர்கள். அவற்றுக்குத் தீவனமே வேண்டாம், தண்ணீரை வடிகட்டியே வாழ்கின்றன. கொல்லம் அஷ்டமுடிக் காயலின் மட்டிக்கு 2014-இல் நீடித்த மீன்பிடிக்கான ‘எம்எஸ்சி’ என்ற உலகச் சான்று கிடைத்தது, இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான். குளத்து மீனும் நல்ல தேர்வு. கட்லா, ரோகு போன்றவை பெரும்பாலும் தாவர வகைத் தீவனத்தில் வளர்பவை. ‘போன்லெஸ் ஃபிஷ்’ என்று பெயர் சொல்லாமல் வருவது பல இடங்களில் பாசா, அதுவும் குளத்து மீன். ருசி என்று தேடினால் கிடைக்காது, கடலுக்குப் பாதகமும் இல்லை.

கேட்பது எப்படி?

ஆரம்பத்தில் நானும் ஆர்வக்கோளாறில் பரிமாறுபவரை நிறுத்திவைத்து, எந்தத் துறைமுகம், எந்த வலை, எத்தனை சென்டிமீட்டர் என்று குடைந்திருக்கிறேன். கூட வந்தவர், ‘நீ சாப்பிட வந்தியா, பேட்டி எடுக்க வந்தியா?’ என்றார். இப்போது ஒரே கேள்விதான்: ‘அண்ணே, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?’ கார்டைக் கையில் எடுக்கும் முன் இதைக் கேட்க வேண்டும். ‘எல்லாமே இருக்கு சார்’ என்று பதில் வந்தால் ஃப்ரீசர் பெரியது என்று அர்த்தம். ‘பாறையும் கிழங்காவும் வந்திருக்கு, வஞ்சிரம் வரல’ என்றால் அந்த இடத்துக்கு அடுத்த முறையும் போகலாம்.

‘தெரியல சார், உள்ள கேட்டுட்டு வரேன்’ என்று போனவர் சில சமயம் திரும்பியே வர மாட்டார். அந்த நாட்களில் எனக்கு ஒரு தட்டு நெத்திலி வறுவல், ரசம், இன்னொரு கை சோறு.